வெட்ட முடியாத கண்ணாடி

தெருப் பையன்கள் அடித்த பந்தில் எங்கள் பழைய மாருதி 800-ன் பின்கதவுக் கண்ணாடி போனது. சீட் முழுக்கக் கற்கண்டு மாதிரி சில்லுகள். "சாதாக் கண்ணாடிய அளவா வெட்டி மாட்டிடலாம் சார், பாதி விலைதான்" என்றார் ஒருவர். புதுப்பேட்டைப் பெரியவர் ஒருவர்தான் தடுத்தார்: "வேணாம் தம்பி. அது உடைஞ்சா கத்தி. அந்தப் பக்கம் யாரு உக்காருவா?"

என் மகள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1660-களில் லண்டன் ராயல் சொசைட்டிக்காரர்களைக் குழப்பியவை 'இளவரசர் ரூபர்ட்டின் துளிகள்'. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் கிடைப்பவை. தலையில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வாலை ஒடித்தால் மொத்தமும் பொடி. வெளிப்புறம் முதலில் இறுகிவிட, உள்புறம் பின்னால் குளிர்ந்து சுருங்கி அதை இழுத்துப் பிடிக்கிறது. பலமும் அந்த இழுவிசையில்தான், பொடியாவதும் அதனால்தான்.

1874-ல் பிரான்சின் டி லா பாஸ்டி, சூடான கண்ணாடியை எண்ணெய்க் குளியலில் முக்கி இறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துக் குளிர்விக்கிறார்கள். அதன்பின் அதில் வெட்டு விழுந்தால் மொத்தமும் நொறுங்கும். ஆகவே வளைவு, ஓரம், துளை எல்லாம் அப்படிக் குளிர்விக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். அளவு தப்பினால் தேய்த்துச் சரிசெய்ய வழியே கிடையாது.

எங்கள் காருக்கென்றே செய்த கண்ணாடி வந்தது. மெக்கானிக் கதவுக்குள் கிடந்த சில்லுகளை அள்ளிவிட்டு, ரப்பர் பள்ளத்தில் அதை இறக்கினார். மகள் கைப்பிடியைச் சுற்றினாள். சத்தமில்லாமல் ஏறியது.