டிராகன் இருக்கிறது, மணல்?

எழுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் அடுக்குமாடிப் பேட்டைகளில் விளையாட்டுத் திடல் என்றால் ஒரு சறுக்கு, ஊஞ்சல், சீசா, அவ்வளவுதான். மத்தியான வெயிலில் சறுக்கில் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். குறை சொல்ல ஓர் இடம் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த கோர் இயன் கீ என்ற வடிவமைப்பாளர்தான் இதை மாற்றினார். தோ பாயோ லோரோங் 6இல் 1979இல் அவருடைய டிராகன் எழுந்தது. ஆரஞ்சு வண்ண மொசைக் பதித்த பெரிய தலை, வாலை நோக்கி வளைந்தோடும் இரும்பு வளையங்கள், சுற்றிலும் மணல். அடுத்தடுத்து புறா, யானை, பம்போட், தெம்பனிசில் தர்பூசணி என்று வந்தன. அட்டவணை பார்த்து வெளிநாட்டிலிருந்து வாங்கியவை அல்ல இவை. இங்கேயே சிமெண்டு குழைத்து, சில்லு சில்லாக ஓடு பதித்துக் கட்டியவை. அதனால்தான் பிற்பாடு ஓர் ஓடு பெயர்ந்தாலும் பழுது பார்க்க ஆள் தேட வேண்டியதாயிற்று.

டிராகனின் தலையைப் படம் பிடிக்காதவர் இல்லை. எங்களுக்கு விளையாட்டு நடந்தது கீழே, மணலில். கிணறு தோண்டுவோம், செருப்பைப் புதைத்துவிட்டுத் தேடுவோம், உயரத்திலிருந்து குதிப்போம். “கால கழுவாம வாசல மிதிச்ச, தொலைச்சிடுவேன்” என்று அம்மா மாடியிலிருந்தே கத்துவார். கழுவினாலும் காற்சட்டைப் பையில் அரைப்பிடி மணல் வீட்டுக்குள் வந்துவிடும்.

1988இல் நகர மன்றச் சட்டம் வந்தது. பேட்டையின் பொது இடங்களைப் பராமரிக்கும் பொறுப்பு மெல்ல நகர மன்றங்களின் கைக்குப் போனது. திடலின் தலைவிதியில் கூட்டிப் பெருக்குகிறவரின் கணக்கும் சேர்ந்துகொண்டது என்பேன். மணலில் பூனை மலம் கழிக்கும், கண்ணாடிச் சில்லு கிடக்கும், அடிக்கடி சலிக்க வேண்டும், மாற்ற வேண்டும். ரப்பர் தரையைப் பெருக்கினால் போதும். விழுந்தாலும் அடி குறைவு. தொண்ணூறுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் சறுக்குகளும் கூண்டுகளும் சில நாளில் பூட்டி முடிக்கக்கூடியவை. பேட்டைகள் புதுப்பிக்கப்பட்டபோது மொசைக் விலங்குகள் ஒவ்வொன்றாக இடிபட்டன. அதற்காக யாரும் ஊர்வலம் போனதாக நினைவில்லை. பிள்ளைகளுக்குப் புதுசு கிடைக்கிறதே என்றுதான் பெற்றோர் சந்தோஷப்பட்டார்கள்.

அங் மோ கியோவில் ஒரு டிராகன் தப்பியது. ஆனால் அதன் காலடியில் இப்போது ரப்பர். தோ பாயோ டிராகனுக்கு மட்டும் மணலும் தங்கியது. பின்னாலிருந்த பழைய புளோக்குகளில் குடியிருந்தவர்களை வேறிடம் அனுப்பியபோதும் அதன்மேல் கை வைக்கவில்லை. வைக்கவும் முடியாது, அதற்குள் அது சாவிக்கொத்திலும் டி-சட்டையிலும் ஏறி, ஊருக்கே அடையாளமாகியிருந்தது. விளையாடிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் காப்பாற்றுவதென்றால் அந்தச் சாதாரண ஊஞ்சல்களைத்தான் முதலில் காப்பாற்றியிருக்க வேண்டும். அவை போன தேதிகூட யாரிடமும் இல்லை.

டகோட்டா கிரசண்ட் கதை வேறு. 1958இல் கட்டிய அந்தப் பழைய பேட்டையின் நடுவில் 1979இல் வந்த புறாத் திடல் நிற்கிறது. குடியிருந்தவர்கள் 2016 முடிவதற்குள் வெளியேறினார்கள். பேட்டையைக் காக்க வேண்டும் என்று அங்கே வாழ்ந்தவர்களும் கட்டடக் கலைஞர்களும் விடாமல் பேசினார்கள். 2017 டிசம்பரில் நடுவிலுள்ள ஆறு புளோக்குகளையும் புறாவையும் வைத்துக்கொள்வதாக அரசாங்கம் அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் அறிவிப்பு வந்த நாளில், புறாமேல் ஏறி வளர்ந்த குடும்பங்கள் அங்கே இல்லை.

என்னைக் கேட்டால், பிளாஸ்டிக் திடல்கள் இருக்கட்டும், பேட்டைக்கு ஒரு மூலையிலாவது மணலைத் திரும்பக் கொட்டுங்கள் என்பேன். என் மகளிடம் சொன்னேன். “கொட்டலாம்ப்பா, பேரனைக் குளிப்பாட்டி விடுறது நீங்கதானே?” என்றாள்.