பழைய இயந்திரங்கள் வந்த வழி

வட ஆற்காட்டின் தோல் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து கப்பலேறிப் போனவற்றையே எழுதுகிறார்கள். கப்பலில் வந்து இறங்கியவற்றைப் பற்றிய பேச்சு குறைவு. ஐரோப்பாவில் ஏதோவொரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் ஓடி, அது மூடப்பட்டபின் கழற்றி விற்கப்பட்டு, சென்னைத் துறைமுகம் வழியாக ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வந்து சேர்ந்த பழைய இயந்திரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஒரு தொழில் கண்டம் விட்டுக் கண்டம் பெயர்ந்த வரலாறு. பெயர்ந்தபோது எவை கூட வந்தன, எவை வரவில்லை என்பதுதான் நாம் இங்கே பார்க்க விரும்புவது.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடப் பெரிய இயந்திரம் எதுவும் முதலில் தேவைப்படவில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் தொட்டியும் ஆற்று மணலுக்கடியில் ஊறும் நல்ல தண்ணீரும் போதுமானவையாக இருந்தன. இப்படிப் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுகளுக்கு அது பெருமளவில் வாங்கப்பட்டது. ஆனால் அது பாதி வேலை முடிந்த சரக்கு. அதைச் சீவி, சாயமேற்றி, மெருகிட்டு விலை கூட்டும் வேலை அங்கே நடந்தது. அதற்கான இயந்திரங்களும் அங்கேயே இருந்தன. 1903 வாக்கில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் குரோம் பதனிடலைத் தொடங்கிவைத்தார். 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இருந்தும், நம்மூர்த் தோலில் பெரும்பகுதி பாதிப் பதத்திலேயே கப்பலேறிக்கொண்டிருந்தது.

நிலைமையை மாற்றியது ஓர் அரசுக் குழு. 1972-ல் சீதாராமையா குழு, கச்சாத் தோலையும் பாதிப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக்கப்பட்ட தோலுக்கும் தோல் பொருட்களுக்கும் மாற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1973-ல் கச்சாத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், பாதிப் பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடும் வந்தன. அதுவரை தொட்டிகளை மட்டுமே நம்பியிருந்த முதலாளிக்கு இப்போது தோலை இரு அடுக்காகப் பிளக்கும் இயந்திரம், சீராகச் சீவும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், அழுத்தி மெருகிடும் இயந்திரம் எல்லாம் தேவைப்பட்டன. புதிதாக வாங்க அவற்றின் விலை மலை. அன்னியச் செலாவணியோ அரசின் கைக்குள்.

இதே காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் தோல் பட்டறைகளும் செருப்புத் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்தன. லண்டனின் பெர்மண்ட்ஸி, ஜெர்மனியின் பிர்மாசென்ஸ் போன்ற ஊர்கள் தேய்ந்தன. கூலி ஒரு காரணம். கடுமையாகிவந்த சுற்றுச்சூழல் விதிகள் இன்னொரு காரணம். அங்கே கடை கட்டியவரிடம் விற்க இயந்திரம் இருந்தது. இங்கே கடை விரித்தவருக்கு அது தேவைப்பட்டது.

இப்படியொரு பழைய இயந்திரச் சந்தை இயல்பாகவே அமைந்துவிடும் என்று நாம் நினைக்கலாம். செருப்பு இயந்திரங்களைப் பொறுத்தவரை அப்படியில்லை. 1899-ல் உருவான அமெரிக்காவின் யுனைட்டெட் ஷூ மெஷினரி நிறுவனம் தன் முக்கிய இயந்திரங்களை விற்கவே இல்லை. குத்தகைக்கு மட்டுமே விட்டது. விற்றால்தானே பழையது என்று ஒன்று சந்தைக்கு வரும்? 1953-ல் நீதிபதி வைசான்ஸ்கி, அந்நிறுவனம் குத்தகைக்கு விடும் இயந்திரங்களை விற்கவும் முன்வர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 1968-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேலும் கடுமையான நடவடிக்கைக்கு வழி திறந்தது. ஒரு பழைய இயந்திரம் கைமாறுவதற்குக்கூட நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த லெஸ்டர் நகரின் பிரிட்டிஷ் யுனைட்டெட் நிறுவனம் 2000-ல் திவாலாயிற்று.

இந்தியக் கரையில் இந்தச் சரக்குக்கு வேறு சோதனைகள் காத்திருந்தன. 1990களின் இறக்குமதிக் கொள்கை, பழைய இயந்திரத்துக்கு இன்னும் ஐந்தாண்டு ஆயுளாவது மீதமிருக்கிறது என்று பட்டயப் பொறியாளர் ஒருவர் சான்றளிக்க வேண்டும் என்றது. 2004-ல் வந்த வெளிநாட்டு வணிகக் கொள்கை வயதுத் தடையின்றி அனுமதித்தது. சுங்கத்துறைக்குத் தேவை மதிப்பு. புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதிலிருந்து, முதலாண்டில் காலாண்டுக்கு 4 சதவிகிதம், இரண்டாமாண்டில் 3, மூன்றாமாண்டில் 2.5, பிறகு 2 எனத் தேய்மானம் கழிக்கப்படும். அதிகபட்சம் 70 சதவிகிதம். கூட்டிப் பார்த்தால் ஏழாண்டில் அந்த எல்லை வந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் ஏழு வயது இயந்திரமும் முப்பது வயது இயந்திரமும் ஒன்றே.

இந்த இயந்திரங்களால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பெரும் மூலதனமில்லாதவரும் முழுத்தோல் தயாரிப்பில் நுழைய முடிந்தது. வார்ப்பிரும்பும் பற்சக்கரமும் கொண்ட பழைய இயந்திரத்தை உள்ளூர் லேத் பட்டறையில் சரிசெய்துகொள்ள முடியும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள புதிய இயந்திரத்துக்கு அது நடக்காது. லண்டனில் கூடிய விலையின் ஒரு பங்கு ஆம்பூரில் கூடத் தொடங்கியது. செருப்புத் தொழிற்சாலைகள் பெருகி, சுற்றுக் கிராமங்களின் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது.

ஆனால் இயந்திரத்தோடு அது இருந்த இடத்தின் விதிகள் வந்து சேரவில்லை. 1989-ல் ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த ஆணை ஒன்று, தொழிற்கூடங்களில் ஏற்கெனவே ஓடும் பழைய இயந்திரங்களும் 1996 முடிவதற்குள் பாதுகாப்புத் தரத்தை எட்ட வேண்டும் என்றது. அங்கே ஓட்டுவதற்கான விதி அது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு கேட்டது. ஆனால் துறைமுகத்தில் கேட்கப்பட்டவை விலையும் வயதும்தான். தோலை இழுக்கும் உருளைகளுக்கு நடுவே கை போகாமல் காக்கும் தடுப்பு இருக்கிறதா என்பது தேய்மானக் கணக்கில் இடம்பெறவில்லை.

வராத இன்னொன்று கழிவுநீர் நிலையம். இயந்திரத்தைக் கழற்றிக் கன்டெய்னரில் ஏற்றலாம். மண்ணில் புதைந்த காங்கிரீட்டை ஏற்ற முடியாது. பாலாற்றின் கேட்டுக்கு இயந்திரங்களைக் குற்றம் சொல்வது பிழை. உப்பும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் குரோமியமும் தொட்டிகளிலிருந்தும் பீப்பாய்களிலிருந்துமே வெளியேறின. ஆவாரம்பட்டைக் காலத்திலேயே உப்பு நிலத்தில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முழுத்தோலுக்கு மாறியபோது வேலையும் ரசாயனமும் பெருகின. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோ 1990களில்தான் இயங்கத் தொடங்கின. ஜெர்மனி 1989-ல் பென்டாகுளோரோஃபீனாலையும் 1994-ல் சில அசோ சாயங்களையும் தடை செய்தபோது நம் தொழில் விரைந்து மாறிக்கொண்டது. அந்தத் தடைகள் வாங்குபவரின் தோலைக் காப்பதற்கானவை. பாலாற்றுக்காக அப்படிக் கட்டளையிடும் வாங்குபவர் எவருமில்லை.

அந்தக் கட்டளை 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. தோல் தொழில் மண்டலத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொன்னதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது இத்தீர்ப்பில்தான். ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைந்தது. அதற்குப் பின்னும், 2025 ஜனவரியில், அதே ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதினார். 2012-ல் அதற்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. தொட்டிக்குள் நின்றவரின் கதை அப்படி இலக்கியமாயிற்று. இயந்திரத்தின் முன் நின்றவரின் கதையும் எழுதப்பட வேண்டும். அதை எழுதப் போகிறவர் சுங்கத்துறைக் கோப்புகளிலிருந்து தொடங்கலாம். எந்த ஊரில் செய்யப்பட்ட இயந்திரம், எந்த ஆண்டு, என்ன விலை என்பதெல்லாம் பொறியாளர் சான்றிதழில் இருக்கும். அந்த இயந்திரம் இங்கு வந்தபின் யார் அதை ஓட்டினார்கள், எத்தனை மணிநேரம், என்ன கூலிக்கு என்பவற்றை ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் இன்னும் உயிரோடிருக்கும் முதியவர்களிடம்தான் கேட்க வேண்டும். கோப்புகள் காத்திருக்கும்; அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.