டீயும் போண்டாவும் மட்டும்தானா? வேலைக்குப் போகிறவர்களின் டப்பாவில் தருமபுரி ராகி, கொள்ளு, கடலைக்கு இடம் இருக்கிறதா?

காலை 11 மணி. வயிறு லேசாகக் கிள்ளும். வேலை இடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கும்? ஒரு டீக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் போண்டா, பஜ்ஜி, பன். மேலே பாட்டில்களில் நிப்பட்டு, முறுக்கு, பிஸ்கட். மாலை 4 மணிக்கும் அதே கடை, அதே பெட்டி. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வேலை பார்ப்பவருக்கும், விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்து ஓசூர் பக்கம் போகிறவருக்கும், 100 நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் இதே மாவட்டம்தான் ராகி, சாமை, கொள்ளு, நிலக்கடலை எல்லாம் விளைகிற மாவட்டம். ரேஷன் கடையிலேயே ராகி கொடுக்கும் திட்டத்துக்கு, தமிழ்நாட்டில் முதலில் தேர்வான இரண்டு மாவட்டங்களில் ஒன்று நீலகிரி, இன்னொன்று தருமபுரி. வீட்டில் இருப்பது ஏன் டப்பாவுக்குள் வருவதில்லை? வந்தால் என்ன லாபம், எதில் கவனம் வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இந்தப் பேச்சு இப்போது?

இரண்டு எண்கள் போதும். ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். அடுத்தது, ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது பாதிக்கும் மேல்.

இதற்கெல்லாம் டீக்கடை போண்டாதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு நாளில் இரண்டு முறை, வாரத்தில் ஆறு நாள் என்று கணக்குப் போட்டால் மாதத்துக்கு 50 தடவைக்கு மேல் சாப்பிடுவது இந்த இடைவேளைத் தீனிதான். அதில் கொஞ்சம் மாற்றினாலே கணக்கு மாறும்.

டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாளுக்கு மூன்று டீ குடித்தால் 30 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளுக்கு சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. பிஸ்கட்டைத் தொடும் முன்பே எல்லை தாண்டியாச்சு!

2 கிலோ ரேஷன் ராகி: என்ன செய்யலாம்?

2023-ல் தொடங்கிய திட்டம் இதுதான்: அரிசி அட்டைக்காரர்கள் மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம். இதற்காக விவசாயிகளிடமிருந்து நேரடிக் கொள்முதலும் நடந்தது. ஐ.நா. அந்த ஆண்டைத்தான் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது.

களிக்கு 2 கிலோ சீக்கிரம் கரைந்துவிடும். தீனிக்கு என்றால் கணக்கு வேறு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் மாவு, வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், மாதம் 26 நாள் என்று வைத்தால் 1,560 கிராம்தான் ஆகும். மீதியில் ஒரு நாள் களி கிண்டலாம்.

அந்த 30 கிராமில் என்ன இருக்கிறது? 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் என்கிறது இந்திய உணவுச் சத்து அட்டவணை. அப்படியானால் 30 கிராமில் 109. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு இடைவேளையிலேயே வந்துவிடுகிறது. அரிசியிலோ மைதாவிலோ இதை எதிர்பார்க்கவே முடியாது.

டப்பாவுக்கு ஏற்றது எது என்பதில்தான் விஷயம். முருங்கைக் கீரையும் வெங்காயமும் போட்ட ராகி அடை நல்ல சாய்ஸ். காலையில் சுட்டால் 11 மணி டீ நேரத்துக்குத் தாங்கும். ஆனால் சுடச்சுட டப்பாவில் போட்டு மூடக்கூடாது. உள்ளே வியர்த்து, அடை ஈரமாகி, மத்தியானத்துக்குள் ஒரு மாதிரி வாடை வந்துவிடும். தட்டில் ஆறவிட்டு அப்புறம் அடுக்குங்கள்.

வட மாவட்டங்களில் பலருக்கும் தெரிந்த இன்னொன்று சிமிலி. ராகி மாவில் கொஞ்சம் உப்பு போட்டு அடை தட்டி, அதைப் பிய்த்து, வறுத்த நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்து உருண்டை பிடிப்பது. வாய்க்கும் ருசி, பசியும் அடங்கும். தண்ணீர் பட்ட அடை சேர்வதால் இது அதிக நாள் நிற்காது. அன்றைக்கோ மறுநாளோ முடித்துவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு வேண்டுமென்றால் மாவை வாசம் வரும்வரை வறுத்து, நெய்யும் பொடித்த வெல்லமும் கலந்து தண்ணீர் படாமல் உருண்டை பிடிக்கலாம்.

நேரம் இருந்தால் ராகியை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து அரைப்பது இன்னும் மேல். தானியத்தில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டும்போது அது குறைவதால் சத்து உடம்பில் சேர்வது கூடும். பாட்டிமார்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சி மாவை இப்படித்தான் தயார் செய்தார்கள்.

ராகி என்றாலே சர்க்கரை ஏறாதா?

இது பலரும் நம்புகிற விஷயம். முழு உண்மை இல்லை. ராகியிலும் மாவுச்சத்துதான் அதிகம். நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். நார்ச்சத்தோடு அடையாக, கீரையும் கடலையும் சேர்த்து, அளவாகச் சாப்பிடும்போதுதான் பலன். வெல்லமும் அப்படியே. பெயர் வேறாக இருந்தாலும் உடம்புக்கு அது சர்க்கரைதான். கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் நாளுக்கு ஒன்று போதும்.

கடையில் விற்கும் ராகி பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அது பட்டியலில் முதலில் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதா, அடுத்தது சர்க்கரை, அப்புறம் எண்ணெய், கடைசியில் எங்கேயோ ராகி என்று இருந்தால், முன்பக்கத்தில் உள்ள ராகிக் கதிர் படம் வெறும் படம்தான்.

சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் ஷிப்ட் நேரத்தில் சாப்பாடு தள்ளிப்போனால் சிக்கல். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் அது சர்க்கரை இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த நேரத்தில் சுண்டலோ கடலையோ உடனே கைகொடுக்காது. குளுக்கோஸ் அல்லது சர்க்கரை மூன்று ஸ்பூன் வாயில் போட வேண்டும். அதை ஒரு சிறு பொட்டலமாகப் பையில் வைத்திருப்பது, டப்பாவில் என்ன இருக்கிறது என்பதைவிட முக்கியம்.

கொள்ளும் கடலையும்

ரத்தசோகைக்கும் புரதத்துக்கும் இந்த ஊர் தரும் பதில் கொள்ளு. வறண்ட நிலத்திலும் விளையும் பயிர். 100 கிராமில் புரதம் 21 கிராமுக்கு மேல், இரும்பு 8 மில்லிகிராமுக்கு மேல். இரவே ஊறவைத்து காலையில் குக்கரில் வேகவைத்தால் சுண்டல் ரெடி. தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை என்று மாற்றிக்கொண்டே போனால் அலுக்காது.

சுண்டலில் ஒரு சூட்சுமம் உண்டு. எலுமிச்சை பிழிந்தாலோ, கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்தாலோ, அதிலுள்ள வைட்டமின் சி பயறில் இருக்கும் இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். உடனே மேலே ஒரு டீயை ஊற்றினால்? டீயில் உள்ள டானின் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். அதனால்தான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி. டீ நேரத்தில் சுண்டலைத் தொடாமல், மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். டீயோடு அடை, பொரி, கடலை.

நிலக்கடலையில் 100 கிராமுக்கு 23 கிராம் புரதம், ஆனால் 520 கலோரி. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், போதும். வறுத்ததைவிட அவித்த கடலை வயிற்றை நிறைக்கும், எண்ணெயும் சேராது, ஆனால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். பூஞ்சை பிடித்த, கசக்கிற கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதில் உருவாகும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு வீட்டு அடுப்புச் சூட்டில் முழுசாகப் போகாது. அது கல்லீரலைப் பாதிக்கும். கசந்தால் துப்பிவிடுங்கள்.

சாமை பற்றி ஒரு வார்த்தை. சித்தேரி மலைப்பகுதியில் விளையும் இந்தச் சிறுதானியம் தீனியைவிட சாப்பாட்டுக்குத்தான் பொருத்தம். புளிக்காய்ச்சல் கலந்த சாமை சாதம் டப்பாவில் நன்றாக நிற்கும். பளபளவென்று தீட்டாத அரிசியாகப் பார்த்து வாங்கினால் தவிடு கொஞ்சம் மிஞ்சும்.

பாட்டிலில் என்ன தண்ணீர்?

தருமபுரிக்காரர்கள் விட்டுவிடக்கூடாத விஷயம் இது. இந்த மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. பல்லில் பழுப்புக் கறையில் தொடங்கி, பல ஆண்டுகளில் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும் நிலை வரை போகும். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர், வேலை இடத்தில் போர் தண்ணீர் என்று இருந்தால் பாதி நாள் போய்விட்டது. வீட்டிலிருந்தே பாட்டிலில் எடுத்துப்போவதுதான் சுலபமான வழி. கொதிக்கவைத்தால் போய்விடுமா? போகாது. தண்ணீர் வற்றுவதால் ஃப்ளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். தேயிலையிலும் இயல்பாகவே ஃப்ளோரைடு உண்டு, நாளுக்கு ஆறேழு டீ குடிப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். கால்சியம் உள்ள உணவு கூடவே இருந்தால் உடம்பு உறிஞ்சும் ஃப்ளோரைடு குறையும். ராகியும் மோரும் இந்த மாவட்டத்துக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில் காலத்தில் எது தாங்கும்?

ஏப்ரல், மே மாதங்களில் தேங்காய் போட்ட எதையும் டப்பாவில் நம்ப முடியாது. ராகி புட்டு, தேங்காய்ச் சுண்டல் எல்லாம் வீட்டிலேயே சாப்பிட வேண்டியவை. சமைத்த உணவில் 5 டிகிரி முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெட்டவெளியில் வேலை செய்பவரின் பை அந்தச் சூட்டில்தான் நாள் முழுக்க இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வறுத்த கடலை, பொட்டுக்கடலை கலந்த பொரி, முழுப் பழம், இவைதான் சரி. பழத்தை நறுக்கி எடுத்துப்போகாதீர்கள். கொய்யா, வாழை, வெள்ளரிக்காய் எல்லாம் முழுசாகவே போகட்டும், கடிக்கப் பல் இருக்கிறது. உப்பு போட்ட நீர்மோர் காலை வேலைக்கு நல்லது, மதியத்துக்குள் குடித்துவிட வேண்டும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் பயறு, கடலை, பழம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

அலுக்காமல் இருக்க என்ன வழி?

பலர் தோற்பது இங்கேதான். முதல் வாரம் ஆர்வத்தில் தினமும் சுண்டல், இரண்டாவது வாரம் திரும்ப போண்டா. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். கடலையும் ராகி மாவும் வறுத்து இரண்டு டப்பாவில் நிரப்பி வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பயறு ஊறவைக்கலாம், இரண்டு நாள் அடை சுடலாம், மற்ற நாளில் டப்பாவில் இருப்பதோடு சீசன் பழம். மழைக்காலம் ஒட்டி சீத்தாப்பழம், கோடையில் மாம்பழம், கொய்யா கிட்டத்தட்ட எப்போதும். வெள்ளிக்கிழமை சக ஊழியர்களோடு போண்டா சாப்பிடுவதில் தப்பே இல்லை. அதை மட்டும் நியூஸ் பேப்பரில் வைத்து வாங்காதீர்கள். அச்சு மையில் ஈயம் போன்றவை இருக்கலாம், எண்ணெயில் அது ஊறி வரும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-லும் எச்சரித்தது. வாழை இலைத் துண்டோ, கையில் இருக்கும் டப்பா மூடியோ போதும்.

டப்பா எவர்சில்வராக இருப்பது நல்லது. மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரைத் தினமும் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். சுண்டல் சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று சொல்லும் பல வீடுகளில் வாடை வருவது அந்த வாஷருக்கு அடியிலிருந்துதான்.