இல்லினாய் பல்கலைக்கழக வேதியியல் துறையும் உமிழ்நீர்ச் சோதனையும்

2020 மார்ச் மாதத்தில் கோவிட்-19 பெருந்தொற்று அமெரிக்காவில் பரவியபோது, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வகுப்பறைகளை மூடி இணையவழிக் கல்விக்கு மாறின. பாடங்களைத் திரையில் நடத்தலாம். ஆய்வகப் பணியை அவ்வாறு செய்ய இயலாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-சாம்பெய்ன் வளாகத்தில் உள்ள வேதியியல் துறை இந்நெருக்கடியில் முடங்கிவிடவில்லை. வளாகத்தையே மீண்டும் திறக்க உதவிய சோதனை முறை ஒன்றை அது உருவாக்கியது.

தேவை

அப்போது வழக்கில் இருந்த பி.சி.ஆர். சோதனைக்கு மூக்கின் உட்பகுதியிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற பணியாளர் தேவை. பின்னர் அம்மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கான வேதிப்பொருள்களுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு நிலவியது. அறிகுறி இல்லாதவர்களும் நோயைப் பரப்பியதால், பல்லாயிரம் பேரை அடிக்கடி சோதிப்பது இன்றியமையாததாயிற்று. பழைய முறையில் அது நடவாத காரியம்.

புதிய முறை

மருந்துக் கண்டுபிடிப்பில் ஈடுபட்டிருந்த வேதியியல் பேராசிரியர் பால் ஹெர்கன்ரோதர் தலைமையிலான குழு, தன் வழக்கமான ஆய்வை விட்டு இச்சிக்கலைக் கையில் எடுத்தது. அதே துறையின் மார்ட்டின் பர்க் சோதனைத் திட்டத்தை வளாக அளவில் விரிவாக்கும் பொறுப்பை ஏற்றார். குழாயில் சேகரித்த உமிழ்நீரை 95 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கினால், ஆர்.என்.ஏ.வைத் தனியே பிரிக்காமலேயே பி.சி.ஆர். சோதனை செய்யலாம் என்று குழு கண்டறிந்தது. வெப்பம் தீநுண்மியின் உறையைச் சிதைத்து ஆர்.என்.ஏ.வை வெளிவிடுகிறது. தீநுண்மி செயலிழப்பதால் பணியாளருக்கும் பாதுகாப்பு. ஒரு படியை நீக்கியதால் செலவும் நேரமும் குறைந்தன. 2020 ஜூனில் இம்முடிவுகள் முன்பதிப்பாக வெளியாயின.

செப்டம்பர் பின்னடைவு

ஆகஸ்ட் 24 அன்று வகுப்புகள் தொடங்கின. மாணவர்கள் வாரம் இருமுறை உமிழ்நீர் கொடுத்தனர். முடிவுகள் கைப்பேசிச் செயலியில் வந்தன. உரிய காலத்தில் சோதனை செய்துகொள்ளாதவர்கள் வளாகக் கட்டடங்களுக்குள் நுழைய இயலாது. பரவலை முன்கணிக்கும் கணித மாதிரியை இயற்பியல் துறையின் நைஜல் கோல்டன்ஃபெல்டும், அவருடன் பணியாற்றிய செர்கேய் மஸ்லோவும் உருவாக்கியிருந்தனர். மாணவர்கள் கூடிக் கொண்டாடுவார்கள் என்பதையும் அம்மாதிரி கணக்கில் கொண்டிருந்தது. ஆனால் தொற்று உறுதியான பின்பும் சிலர் விருந்துகளுக்குச் செல்வார்கள் என்று அது எதிர்பார்க்கவில்லை. பருவம் முழுவதற்கும் கணித்த எண்ணிக்கையை ஓரிரு வாரங்களிலேயே தொற்று எட்டியது.

அடிக்கடி சோதித்ததன் பயன் இங்கேதான் வெளிப்பட்டது. பரவல் கட்டுமீறுவதற்கு முன்பே தரவுகள் அதைக் காட்டிக்கொடுத்தன. செப்டம்பர் தொடக்கத்தில் இன்றியமையாத பணிகளுக்கு மட்டும் வெளியே வருமாறு மாணவர்களுக்கு இரு வாரக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. விதிமீறியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. தொற்று உறுதியானவர்களை விரைவாகத் தொடர்புகொள்ளும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அதன்பின் தொற்று விழுக்காடு வெகுவாகக் குறைந்தது. வளாகம் மூடப்படாமலேயே அப்பருவம் தொடர்ந்தது.

விளைவு

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இச்சோதனைக்கு அவசரகாலப் பயன்பாட்டு ஒப்புதல் வழங்கியது. பின்னர் இல்லினாய் மாநிலப் பள்ளிகளும் இதனைப் பயன்படுத்தின.

சிக்கலான முறையை எளிமையாக்கியது இத்துறையின் முதல் வெற்றி. மனித நடத்தையைப் பற்றிய கணிப்பு பிழைத்தபோது, தரவுகளைக் கொண்டு அதை உடனே திருத்திக்கொள்ள வழிசெய்தது அதனினும் பெரிய வெற்றி. ஆய்வகத்தில் பிறந்த சோதனை மட்டும் ஒரு வளாகத்தைக் காத்துவிடவில்லை. முடிவை அறிந்தவர்கள் அதற்கேற்ப நடந்துகொண்டபோதுதான் அது காப்பாயிற்று.