எக்ஸ்னோரா கிரீன் பம்மல்

தென்சென்னைப் புறநகரான பம்மலில் தோன்றிய தொண்டு நிறுவனம். திடக்கழிவு மேலாண்மையில் உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பயிற்சியும் களப்பணி உதவியும் அளிப்பது இதன் பணி.

தோற்றம்: 1994இல் மங்களம் பாலசுப்பிரமணியன் தலைமையில் பம்மலின் ஸ்ரீ சங்கரா நகர்ப் பெண்கள் மகளிர் மன்றம் ஒன்றைத் தொடங்கி, தெருக் குப்பையை அகற்றும் வேலையைத் தாங்களே கையில் எடுத்தனர். 1989இல் எம். பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்துடன் இம்முயற்சி இணைந்தது.

செயல்முறை: வீட்டிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை எனப் பிரித்து வாங்குவதே அடிப்படை. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு போன்றவை சாணம் சேர்த்து மட்கவைக்கப்படுகின்றன. மட்கும்போது எழும் சூடு தணிந்தபின் மண்புழு விட்டு, உரமானதும் சலித்தெடுக்கின்றனர். தாள், பிளாஸ்டிக் போன்றவை மறுசுழற்சிக்குச் செல்கின்றன. துப்புரவுப் பணியாளர்களுக்குப் பயிற்சி, வீடுவீடாக விழிப்புணர்வு, குடியிருப்போருக்கும் உள்ளாட்சிக்கும் இடையே ஒருங்கிணைப்பு ஆகியவை இதன் சேவைகள். பெப்சிகோ நிறுவனத்தின் கூட்டுறவோடு இம்முறை வேறு ஊர்களுக்கும் பரவியது.

நிர்வாகப் பின்னணி: 2021 நவம்பரில் பம்மல் உள்ளிட்ட 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள் கொண்ட இம்மாநகராட்சியே இப்போது பம்மலின் உள்ளாட்சி அமைப்பு.