பாபேல் கதையும் மொழிக்குடும்ப ஆராய்ச்சியும்

மாந்தர் அனைவரும் ஓரினத்தவர், பேச்சுறுப்புகளாலும் ஒத்தவர். அங்ஙனமிருந்தும் அவர் பேசும் மொழிகள் இன்று ஏறத்தாழ 7,000 எனக் கணக்கிடப்படுகின்றன. ஒத்த மக்கள் ஒவ்வாத மொழிகளைப் பேசுதல் ஏன்? இவ்வினா மிகப் பழையது. இதற்கு மேலைநாட்டார் நெடுங்காலம் ஏற்றுக்கொண்டிருந்த விடை, விவிலியத்தில் வரும் பாபேல் கோபுரக் கதையாகும். அக்கதை சமயநூலுள் அடங்கிய ஒரு செய்தியாக மட்டும் நில்லாது, மேலைநாட்டு மொழியாராய்ச்சியின் போக்கினையும் பல நூற்றாண்டுகள் வகுத்து நின்றது. அவ்வழியே திராவிட மொழிகளின் ஆராய்ச்சியையும் வந்து தொட்டது. அத்தொடர்பினை வரலாற்று முறையிற் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் வகுப்பில் ஒப்பிலக்கணம் பயிற்றும்போது மாணவர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: ‘உலகின் முதன்மொழி எது?’ என்பதே அது. அவ்வினா எங்கிருந்து பிறந்தது, அதனைக் கேட்டோர் எங்குச் சென்று சேர்ந்தனர் என்பன தெரிந்தால், அதற்கு எத்துணை மதிப்பளிப்பது என்பதும் தெளிவாகும்.

கதையும் அதன் சொல்லும்

ஆதியாகமத்தின் 11ஆம் அதிகாரத்தில் முதல் ஒன்பது வசனங்களில் இக்கதை அமைந்துள்ளது. உலகமெங்கும் ஒரே மொழி வழங்கிய காலத்தில் மக்கள் சிநெயார் நாட்டுச் சமவெளியில் குடியேறினர். கல்லுக்கு ஈடாகச் சுட்ட செங்கல்லையும், சாந்துக்கு ஈடாக நிலக்கீலையும் கொண்டு, வானளாவிய கோபுரமும் நகரும் எழுப்பத் தொடங்கினர். இறைவன் அவர்தம் மொழியைக் குழப்பினான், ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காதாயிற்று, பணி நின்றது, மக்கள் சிதறினர். அதனால் அந்நகர் பாபேல் எனப் பெயர் பெற்றது என்று கதை முடிகின்றது.

கதை தரும் சொற்பொருள் ஈண்டு நோக்கத்தக்கது. எபிரேயத்தில் ‘பாலல்’ என்னும் வினை கலத்தல், குழப்புதல் என்னும் பொருளது. பாபேல் என்னும் பெயரோடு அதன் ஒலி ஒத்திருத்தலால், குழப்பமே பெயர்க்காரணம் ஆயிற்று. பாபிலோனியரின் அக்காடிய மொழியிலோ அப்பெயர் ‘பாப்-இலி’ எனப்பட்டது. ‘கடவுளின் வாயில்’ என்பது அதற்கு அவர்கள் கொண்ட பொருள். சுமேரிய மொழியிலும் அந்நகர்க்கு அப்பொருள் தரும் பெயரே வழங்கிற்று. ஆகவே எபிரேயர் கூறிய பெயர்க்காரணம் ஒலியொப்புமையால் எழுந்த வழக்குச் சொற்பொருளேயாம். தமிழ் விவிலியத்தில் குழப்புதலைத் ‘தாறுமாறாக்குதல்’ என்று மொழிபெயர்த்தனர். பொருள் வந்தது, பாபேல், பாலல் என்னும் ஒலியியைபு வரவில்லை. மொழிகள் வேறாயினமையைக் கூறும் கதையின் உயிர்நிலையே மற்றொரு மொழிக்குள் புக இயலாது நிற்றல் வியப்பிற்குரியது.

கோபுரம் வெறுங் கற்பனை அன்று. பாபிலோனில் மர்துக் என்னும் தெய்வத்திற்குரிய ‘எதெமெனங்கி’ என்னும் அடுக்குக் கோபுரம் இருந்தது. ‘வானுக்கும் மண்ணுக்கும் அடித்தளமான இல்லம்’ என்பது அப்பெயரின் பொருள். கி.மு. 605 முதல் 562 வரை ஆண்ட இரண்டாம் நெபுகத்நேசர் அதனைப் புதுக்கினான். 1899 முதல் 1917 வரை இராபர்ட் கோல்டுவே என்னும் செருமானியர் பாபிலோனை அகழ்ந்தபோது, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 91 மீட்டர் அளவுள்ள அதன் அடித்தளம் வெளிப்பட்டது. கல் அரிதாகிய அவ்வண்டல் நிலத்தில் செங்கல்லும் நிலக்கீலும் கட்டடப் பொருள்களாயினமையும் கதையோடு பொருந்துவதே.

இத்தகைய கருத்து எபிரேயர்க்கே உரியதும் அன்று. ‘என்மெர்காரும் அரட்டாவின் தலைவனும்’ எனப்படும் சுமேரியக் காவியத்தில், மக்கள் மொழிகளைப் பற்றிய மந்திரப் பகுதி ஒன்று வருகின்றது. அக்காவியத்தை 1952இல் பதிப்பித்த சாமுவேல் நோவா கிரேமர், ஒன்றாயிருந்த மொழியை என்கி என்னும் தெய்வம் வேறுபடுத்தியதாக அதற்குப் பொருள் கண்டார். பலவாகிய மொழிகள் இனி ஒன்றாகும் என்பதே அதன் கருத்து என்பாரும் உளர். எவ்வாறாயினும், மொழிப்பன்மை விளக்கம் வேண்டும் ஒரு செய்தி என்னும் உணர்வு மெசொப்பொத்தாமியாவிற் பழமையானது என்பது துணிபு.

இரண்டு அதிகாரங்கள், இரண்டு வினாக்கள்

பாபேல் கதைக்கு முன்னுள்ள 10ஆம் அதிகாரத்தைப் பலர் ஊன்றி நோக்குவதில்லை. அது நோவாவின் மக்களாகிய சேம், காம், யாப்பேத் என்னும் மூவரின் வழிமுறைப் பட்டியல். ஒவ்வொருவர் வழியினரையும் கூறி முடிக்கும்போது, அவர்கள் தத்தம் நிலத்தாலும் குடும்பத்தாலும் மொழியாலும் பிரிந்தமை சொல்லப்படுகின்றது. மொழிகள் பலவாயினமை 10ஆம் அதிகாரத்திலேயே வந்துவிட, 11ஆம் அதிகாரம் உலகம் ஒரே மொழி பேசியது என்று தொடங்குகின்றது. இரண்டும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்து ஒரு நூலுட் சேர்ந்தன என்பர் விவிலிய ஆராய்ச்சியாளர்.

இவ்விரண்டு பகுதிகளும் இருவேறு வினாக்களுக்கு வித்தாயின என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து. 11ஆம் அதிகாரம் ‘குழப்பத்திற்கு முன்னிருந்த அம்மொழி எது?’ என்னும் வினாவை எழுப்பிற்று. 10ஆம் அதிகாரம் ‘எம்மக்கள் எவர்க்கு உறவினர்? எம்மொழி எதனோடு கிளைத்தது?’ என்னும் வினாவை எழுப்பிற்று. முன்னது முதன்மை பற்றியது. பின்னது உறவு பற்றியது. இவற்றின் பயன்கள் பெரிதும் வேறுபட்டன.

முதன்மொழி வேட்கை

முதன்மொழி எபிரேயமே என்பது கிறித்தவ நாடுகளில் நெடுங்காலம் நிலவிய கொள்கை. ஏபேரின் குடும்பத்தில் மட்டும் பழைய மொழி சிதையாது நின்றது என்றும், குழப்பத்தின்பின் தோன்றிய மொழிகள் 72 என்றும் அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலிற் கொண்டார். இத்தாலியப் பெரும்புலவர் தாந்தே தொடக்கத்தில் இக்கொள்கையையே உடன்பட்டார். ஆயின் தம் பெருங்காப்பியத்தில், ஆதாம் பேசிய மொழி கோபுரம் எழுவதற்கு முன்னரே வழக்கொழிந்தது என்று ஆதாமின் வாயிலாகவே கூறுவித்தார். மொழி காலத்தால் மாறும் இயல்பினது என்னும் தெளிவு அவர்பால் அரும்பியமை குறிக்கத்தக்கது.

பின்னர் அவரவர் தம் மொழியையே முதன்மொழியாக்க முயன்றனர். ஆந்துவெர்ப்பு நகரத்தினரான கோரோப்பியசு பெக்கானுசு 1569இல் வெளியிட்ட நூலில், தம் நகரில் வழங்கும் மொழியே தொன்மையானது என்று வாதித்தார். ஆதாம், ஏவாள் முதலிய பெயர்களுக்கும் அம்மொழியினின்றே பொருள் கண்டார். ஆங்கிலேயராகிய சான் வெப்பு 1669இல் சீனமொழிக்கு அப்பெருமையைச் சூட்டினார். இப்போக்கினை எள்ளி, 1688இல் அந்திரேயாசு கெம்பே என்னும் சுவீடியர், இறைவன் சுவீடிய மொழியிலும் ஆதாம் தேனிய மொழியிலும் பாம்பு பிரெஞ்சிலும் பேசியதாக எழுதினார். பெருந்தத்துவ அறிஞர் லைப்னிட்சு, சொற்களை வேண்டியவாறு திரித்துப் பொருள் காண்பதற்குக் கோரோப்பியசின் பெயரையே ஒரு வினைச்சொல்லாக்கினார். இறுதியில், மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று பாரிசு மொழியியற் கழகம் 1866இல் விதியே வகுத்தது.

மொழிக்கு மொழி விடை வேறாயினும், கையாண்ட முறை ஒன்றே. இரண்டு சொற்கள் ஒலியால் ஒத்தால் அது சான்று. ஒவ்வாவிடின் திரித்து ஒப்பாக்கலாம். எந்த மொழியையும் முதன்மொழி என்று காட்டவல்ல முறை, எதனையும் நிறுவ வல்லதன்று.

மரமும் கிளையும்

10ஆம் அதிகாரம் விதைத்த வினாவின் போக்கு வேறு. சோசப்பு இசுகாலிகர் 1599இல் எழுதிய ஆய்வில், ஐரோப்பிய மொழிகளைப் பதினொரு தாய்மொழிகளின் கீழ்ப் பகுத்து, அவற்றிடையே உறவில்லை என்றார். 1781இல் சுலோசர் என்னும் செருமானிய வரலாற்றறிஞர், சேம் என்னும் பெயரினின்று ‘செமித்தியம்’ என்னும் மொழிக்குடும்பப் பெயரை ஆக்கினார். 1786இல் வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றிற்கு ஒரு பொதுமூலம் உண்டென்றும் அது இப்பொழுது வழங்காததாகலாம் என்றும் கூறிய சர் வில்லியம் சோன்சு, 1792இல் ஆற்றிய உரையில் உலக மக்களை நோவாவின் மூன்று மக்களின் வழியிலேயே பகுத்தார். மூலம் இறந்துபட்டிருக்கலாம் என்னும் அக்கருத்தே, வழங்கும் மொழியொன்றை முதன்மொழியாக்கும் வேட்கைக்கு முற்றும் மாறானது.

பட்டியலின் வடிவம் பயன்பட்டதேயன்றி, அதன் செய்திகள் அனைத்தும் மொழிச்சான்றோடு பொருந்தவில்லை. பட்டியலிற் கானான் காமின் மகன். ஆயினும் கானானியரின் மொழி எபிரேயத்திற்கு மிக நெருங்கிய செமித்திய மொழி. ஏசாயாவின் ஆகமமே எபிரேயத்தைக் கானானின் மொழி என்று குறிக்கின்றது. ஏலாம் சேமின் மகன். ஆயினும் ஏலாமியம் செமித்திய மொழி அன்று. உறவினை மொழிகளின் இலக்கணத்தையும் வேர்ச்சொற்களையும் கொண்டு துணிதல் வேண்டும் என்னும் நிலை உறுதிப்பட்டபோது, பட்டியல் விலகி அதன் கிளைமர வடிவம் மட்டும் ஆராய்ச்சியில் எஞ்சிற்று.

இவ்வினாவே சென்னைக்கும் வந்தது. அக்காலத்தில் கோல்புரூக்கு, கேரி முதலியோர் தென்னாட்டு மொழிகளும் வடமொழியின் வழியன என்று கருதினர். சென்னைக் கோட்டைக் கல்லூரியை நிறுவுதலில் முதன்மை பூண்ட எல்லிசு, 1816இல் காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய குறிப்பில் இதனை மறுத்தார். வடமொழி வேர்களையும் தெலுங்கு வேர்களையும் நிரல்படுத்தி வேற்றுமை காட்டினார். தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை ஒப்பிட்டு ஒற்றுமை காட்டினார். மலையாளம், துளு, குடகு ஆகியவற்றோடு, சேய்மையிலுள்ள இராசமகால் மலைவாழ்நர் மொழியையும் இக்குழுவுடன் சார்த்தினார். விவிலிய வழிமுறைப் பட்டியலின் கிளைமர எண்ணமும் இந்திய இலக்கண மரபின் வேர்ச்சொல் பகுப்பும் சந்தித்த இடமே இக்கண்டுபிடிப்பிற்குக் களனாயிற்று என்று தாமசு திரவுட்மன் 2006இல் வெளியிட்ட ஆய்வுநூலில் விளக்கியுள்ளார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தால் இதனை விரித்து நிலைநாட்டினார்.

கால்டுவெல் எடுத்துக்காட்டிய ஒரு சொல்லும் ஈண்டு நினையத்தக்கது. சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் ‘துக்கி’ என்னும் எபிரேயப் பெயரால் குறிக்கப்படுவது மயில் என்றும், அச்சொல் தமிழ்த் ‘தோகை’யோடு தொடர்புடையது என்றும் அவர் கொண்டார். இவ்விளக்கத்தில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனை ஏற்பினும், அது வாணிகத்தாற் சென்ற கடன்சொல்லுக்குச் சான்றாகுமேயன்றி, எபிரேயம் தமிழினின்றோ தமிழ் எபிரேயத்தினின்றோ பிறந்தது என்பதற்குச் சான்றாகாது. ஒரு சொல் ஒத்தலும் ஒரு குடும்பமாதலும் வேறு என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் ஏற்றதோர் எடுத்துக்காட்டு அரிது.

முடிபு

நம் நாட்டிலும் முதன்மொழி வேட்கை எழாமல் இல்லை. பன்மொழிப் புலமையிற் சிறந்த ஞா. தேவநேயப் பாவாணர் 1966இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில், தமிழே உலகின் முதற்பெருந் தொன்மொழி என்று நிறுவ முயன்றார். அவர்தம் சொல்லாராய்ச்சியாலும் உழைப்பாலும் தமிழ் பெற்ற நன்மை பெரிது. எனினும் இம்முடிபு ஒப்பிலக்கண முறைக்கு எட்டாதது. திராவிட மொழிக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று 2018இல் வெளிவந்த கணிப்பாய்வு ஒன்று மதிப்பிடுகின்றது. மாந்தர் பேசத் தொடங்கியதோ அதற்குப் பல பதினாயிரம் ஆண்டுகட்கு முன்னர். இடையிலுள்ள இருளில் ஒலியொப்புமை விளக்காகாது.

தமிழ் பிறமொழியின் கிளையன்று, தனக்கெனக் குடும்பமுடைய தனிமொழி என்னும் உண்மையை நமக்குத் தேடித் தந்தது உறவு பற்றிய வினா; முதன்மை பற்றிய வினா அன்று. வடமொழியே அனைத்திற்கும் மூலம் என்னும் கொள்கையை எம்முறை வீழ்த்தியதோ, அம்முறையே தமிழ் அனைத்திற்கும் மூலம் என்பதையும் ஏற்க மறுக்கின்றது. நமக்கு ஏற்புடைய இடத்தில் அதனைப் போற்றி, ஏலாத இடத்திற் கைவிடுதல் ஆராய்ச்சி நேர்மைக்குப் பொருந்தாது.

பாபேல் கதையில் மொழிப்பன்மை ஒறுப்பாக வந்தது. பட்டினப்பாலையோ, பல மொழி பேசுநர் கலந்து இனிதுறைந்த புகார் நகரைப் பாடுமிடத்து, மொழிகள் பெருகிய அவர்தம் நாடுகளைப் பழியற்றவை என்று சிறப்பிக்கின்றது. மொழிகள் பலவாதல் விளக்கம் வேண்டும் செய்தியே; ஆயின் இழிவும் அன்று, தண்டனையும் அன்று. ஆகவே முதன்மொழி எது என்று வினவும் மாணவர்க்கு நாம் கூறத்தக்க விடை ஒன்றே: அவ்வினாவை விடுத்து, குவி, கோண்டி, குடுக்கு, பிராகுவி முதலாகிய நம் மொழியின் உறவுமொழிகள் எவ்வாறு பிரிந்தன, எவற்றை இன்னும் காத்துநிற்கின்றன என்று ஆராய்க. அவற்றுட் சில பேசுநர் குறைந்து நலிந்து வருகின்றன. செய்தற்குரிய பணி அங்கே காத்திருக்கின்றது.