பாவசங்கீர்த்தனமும் புண்ணிய வளர்ச்சியும்: 1580ஆம் ஆண்டுத் தமிழ் நூல் ஒன்றை முன்னிட்டு

தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். மறு ஆண்டில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று என்பதையும் பலர் அறிவர். அதனை அடுத்து 1580இல் அதே கொச்சியில் வெளிவந்த மூன்றாவது நூலைப் பற்றி நம்மிடையே பேசுவோர் அரியர். 'கொம்பெசியொனாயரு' என்னும் போர்த்துக்கேயப் பெயரையே தமிழ் எழுத்தில் தாங்கிய அந்நூல், பாவசங்கீர்த்தனம் செய்வோருக்கான கையேடு ஆகும். பத்துக் கற்பனைகளின் வழியே தன் வாழ்வை ஆராய்ந்து, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் முறையை அது கற்பிக்கிறது. ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் அதன் பிரதியொன்று உள்ளது.

மன்றாட்டுகளும் மறைக்கல்வியும் அச்சானவுடன் மனஸ்தாபத்திற்கென்று தனி நூல் ஏன் தேவைப்பட்டது? இதற்கு விடை காண அதன் ஆசிரியரை நோக்க வேண்டும். ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் அடிகளார் போர்த்துக்கல் நாட்டு வில்லா விசோசாவில் 1520இல் பிறந்தவர். 1546இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 1600இல் மறைந்தவர். அவருக்கு முன் அங்கு வந்த புனித சவேரியார், உள்ளூரார் துணையோடு மொழிபெயர்த்த மன்றாட்டுகளை மனப்பாடம் செய்து பரதவ மக்களுக்குக் கற்பித்தார். மன்றாட்டை மனப்பாடமாகக் கற்பிக்கலாம். மறைக்கல்வியைத் துபாசியின் வாயிலாகவும் சொல்லலாம். ஆனால் ஒருவன் தன் களவையும் விபசாரத்தையும் துபாசி கேட்கச் சொல்வானா? பாவத்தைக் கேட்கக் குருவுக்கு மக்களின் மொழி தெரிந்தே ஆக வேண்டும். ஹென்ரிக்ஸ் தமிழ் இலக்கணம் எழுதும் அளவிற்கு மொழியில் ஆழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கருத்து. மொழிக்குத் தொண்டாற்றிய மேலைநாட்டார் என்று அவரைப் பாராட்டுகிறோம். அந்தத் தொண்டு எதற்காக நடைபெற்றது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

அந்நூலின் பின்னணியில் மேலைத் திருச்சபையின் நீண்ட வரலாறு இருக்கிறது. 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம், விசுவாசிகள் ஆண்டிற்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமெனக் கட்டளையிட்டது. 1517இல் லூத்தர் வெளியிட்ட ஆய்வுரைகளின் முதற் கூற்றே மனந்திரும்புதலைப் பற்றியது. விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. திரிதெந்தீன் சங்கம் 1547இல் நீதிமானாக்கப்படுதலைப் பற்றியும், 1551இல் பச்சாத்தாபம் என்னும் திருவருட்சாதனத்தைப் பற்றியும் தீர்ப்புகளை வெளியிட்டது. நீதிமானாக்கப்பட்டவன் பெற்ற அருளில் மேலும் வளரலாம் என்றும், மனஸ்தாபம், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் பச்சாத்தாபத்தில் மனிதன் ஆற்ற வேண்டியவை என்றும் அச்சங்கம் போதித்தது. பரிகாரம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மவர் புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. எனினும் அவர்கள் என்ன பயிற்சி செய்தார்கள் என்பதைப் பார்த்த பின்னரே தீர்ப்புச் சொல்வது முறையாகும்.

ஹென்ரிக்ஸ் இயேசு சபையைச் சேர்ந்தவர். அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்றது. அதில் இரண்டு வகையான ஆத்தும சோதனைகள் கூறப்பட்டுள்ளன. ஒன்று, ஒரே ஒரு குறையைக் குறித்தது. காலையில் எழுந்தவுடன் அக்குறையை விலக்கத் தீர்மானிக்க வேண்டும். நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை தவறினோம் என எண்ணி, அந்நாளுக்கென வரைந்த கோட்டின்மேல் புள்ளியிட வேண்டும். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கோடுகள் உண்டு. அவை வரவரக் குறுகிக்கொண்டே செல்லும். வணிகனின் கணக்கேடு போன்ற இம்முறை நமக்குச் சற்று வேடிக்கையாகவும் தோன்றலாம். ஆனால் கோபக்காரனாகிய ஒருவன், தான் நேற்று ஏழு முறையும் இன்று ஐந்து முறையும் சினந்ததை அறிந்திருப்பது, 'நான் பெரும் பாவி' என்று பொதுப்படச் சொல்லிவிட்டு உறங்கச் செல்வதினும் மேலானதன்றோ?

மற்றது, நாள் முழுவதையும் ஆராயும் பொதுச் சோதனை. இது ஐந்து படிகளைக் கொண்டது. முதற்படி பாவத்தை எண்ணுவதன்று. பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறுவது. இரண்டாம் படியில் பாவத்தை அறிந்துகொள்ள அருள் வேண்டப்படுகிறது. அதன் பின்னரே சோதனை. தொடர்ந்து மன்னிப்பு வேண்டுதல். இறுதியாக அருளின் துணையோடு திருந்தத் தீர்மானித்தல். அருள் முந்த, மனித முயற்சி பிந்துகிறது. கத்தோலிக்கரின் தவமுயற்சி கிரியைகளால் வரும் நீதி என்று பிரசங்கபீடத்தில் எளிதாகச் சொல்லிவிடும் நாம், இந்த ஒழுங்கைக் கவனித்ததுண்டா?

நம் இரு மரபுகளின் தமிழும் இவ்விடத்தில் பிரிகிறது. நமக்குக் 'கிருபை', பழைய கத்தோலிக்கத் தமிழில் 'பிரியதத்தம்', 'வரப்பிரசாதம்', 'இஷ்டப்பிரசாதம்'. பிரசாதம் என்பது கையில் பெறுவது. பெற்றதை இழக்கவும் கூடும், பெருக்கவும் கூடும். கிருபையோ கொடுப்பவரின் உள்ளத்தில் இருப்பது. அவ்வாறே 'புண்ணியம்' என்ற சொல்லையும், அது மறுபிறவிக் கொள்கையோடு பிணைந்தது என அஞ்சி, நாம் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டோம். அவர்களோ விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் ஆகிய மூன்றையும் தேவபுண்ணியங்கள் என்றே கற்பித்தனர். சொல்லை இழந்தபோது, அச்சொல் சுட்டிய பயிற்சியையும் நாம் இழந்தோம் என்றே எமக்குத் தோன்றுகிறது. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு, 1838இல் மதுரை மிஷனுக்கு அச்சபையார் மீண்டு வரும்வரை, குருக்கள் மிகக் குறைந்திருந்த காலத்திலும் ஊர்கள் பல விசுவாசத்தில் நிலைத்து நின்றன. உபதேசியாரும் வீட்டுப் பெரியோரும் சொல்லிக்கொடுத்த மன்றாட்டுகளுக்கும், குரு இல்லாதபோதும் சொல்லத்தக்க உத்தம மனஸ்தாப மந்திரத்திற்கும் அதில் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

சீர்திருத்தக்காரர் பாவ அறிக்கையை ஒழித்தார்கள் என்பது சரியன்று. 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் 11ஆம் பிரிவு, தனிப்பட்ட பாவமன்னிப்பு திருச்சபையில் நிலைபெற வேண்டுமென்கிறது. பாவங்களை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்லும் கட்டாயத்தையே அது மறுக்கிறது. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்தில், நோயாளியைச் சந்திக்கும் ஒழுங்கில் தனிப்பட்ட பாவமன்னிப்பு இன்றும் இருக்கிறது. எழுத்தில் இருப்பதை நடைமுறையில் கைவிட்டவர்கள் நாம். நம் ஆயர்களில் எத்தனை பேரிடம் ஒரு சபையார் வந்து தம் பாவத்தைச் சொல்லியிருக்கிறார்? வந்தால் என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேர் கற்றிருக்கிறோம்?

எனினும் அந்த மரபை அப்படியே மேற்கொள்ளவும் நமக்குத் தயக்கம் உண்டு. ஹென்ரிக்ஸ் யூத வமிசத்தில் தோன்றியவர். அக்காரணத்தால் பிரான்சிஸ்கு சபை அவரை விலக்கியது. அவரை ஏற்றுக்கொண்ட இயேசு சபையும், அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 1593இல், அவ்வமிசத்தாரை இனிச் சேர்ப்பதில்லை என்று விதித்தது. ஒரு மீனவனின் கோபத்தையும் களவையும் கண்டுபிடிக்கும் நுண்ணிய கேள்விகள், ஒரு துறவற சபையின் பிறப்பு வேற்றுமையைக் கண்டுபிடிக்கவில்லை. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதுவரை அச்சுவரின் இருபுறத்தாரும் ஆண்டுதோறும் பாவசங்கீர்த்தனம் செய்துவந்திருப்பர். நம்மவர் கதை வேறன்று. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமென்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் திருச்சபையை விட்டு வெளியேறினர். அவர்கள் அதற்கு முன் ஒவ்வொரு திருவிருந்திலும் பொதுப் பாவ அறிக்கையை ஒரே குரலாய்ச் சொல்லி வந்தவர்களே.